பிடியரிசியும் அரசு நன்கொடையும்: ஆறுமுக நாவலரின் பள்ளி ஆளுகை வாழ்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையாளராகவும் பதிப்பாசிரியராகவும் சைவச் சொற்பொழிவாளராகவும் மிகுதியாக ஆராயப்பட்டுள்ளார். முப்பதாண்டுக் காலம் பள்ளிகளை நிறுவி நடத்திய ஆளுகையாளர் என்ற நிலையில் அவரது வாழ்வு தனித்து நோக்கப்பட்டது குறைவு. பள்ளியை யார் ஆள்வது, ஆசிரியரை எவ்வாறு பெறுவது, செலவுக்கான பொருள் எங்கிருந்து வருவது ஆகிய மூன்று வினாக்கள் அவர் வாழ்வின் திருப்பங்களோடு பிணைந்துள்ளன. வண்ணார்பண்ணைப் பள்ளி முதல் சைவ ஆங்கிலப் பள்ளியின் மூடல் வரையிலான நிகழ்வுகளை இவ்வினாக்களின் வழி நிரல்படுத்தி, அவருடைய முயற்சியின் வெற்றியையும் எல்லையையும் இக்கட்டுரை மதிப்பிடுகின்றது.

திறவுச்சொற்கள்: ஆறுமுக நாவலர், சைவப்பிரகாச வித்தியாசாலை, பள்ளி ஆளுகை, நன்கொடை முறை, பிடியரிசி, வித்தியாநுபாலன யந்திரசாலை.

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணத்தில் பள்ளி என்பது எழுத்தறிவிக்கும் இடமாக மட்டும் அமையவில்லை. ஆங்கிலம் கற்றோர்க்கு அரசுப் பணி கிடைத்தது. ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் பெரும்பாலும் மிஷன் சங்கங்களின் கையில் இருந்தன. ஆகவே, பள்ளியை நடத்துவோரே ஒரு தலைமுறையின் தொழிலையும் சமயத்தையும் மொழியையும் வழிநடத்தும் நிலையில் இருந்தனர். இந்நிலையை உள்ளிருந்து அறிந்தவர் நாவலர். மிஷன் பள்ளியில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்த பட்டறிவே பின்னர் அவர் நிறுவிய பள்ளிகளின் அடித்தளமாயிற்று. அவர் எழுதிய பாடநூல்களும் அவர் நிறுவிய அச்சகமும் அவர் வெளியிட்ட விக்கியாபனங்களும் பள்ளியை மையமாகக் கொண்டு சுழல்வதை நோக்கினால், அவர் வாழ்வின் பல்வேறு பணிகள் ஒரே பணியின் கிளைகள் என்பது விளங்கும்.

இளமையும் மிஷன் பள்ளிப் பயிற்சியும்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு திசம்பர் 18ஆம் நாள் கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மைக்கும் மகனாக ஆறுமுகம் பிறந்தார். தந்தையார் தமிழ்ப் புலமை மிக்கவர்; நாடகங்கள் இயற்றியவர். ஒன்பதாம் வயதளவில் தந்தையை இழந்த ஆறுமுகம், தமையன்மார் அரவணைப்பில் வளர்ந்தார். மரபு வழியில் தமிழ் இலக்கண இலக்கியங்களைச் சரவணமுத்துப் புலவரிடமும் சேனாதிராய முதலியாரிடமும் கற்றார். ஆங்கிலத்தை வெஸ்லியன் மிஷன் நடத்திய யாழ்ப்பாணப் பள்ளியில் பயின்றார். அப்பள்ளியை அப்போது நடத்தியவர் பீட்டர் பேர்சிவல் பாதிரியார்.

கற்ற பள்ளியிலேயே ஆறுமுகம் ஆசிரியரானார். கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார். பேர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணியிலும் பல ஆண்டுகள் துணைநின்றார். அம்மொழிபெயர்ப்பு குறித்துத் தமிழறிஞரின் மதிப்பீட்டைப் பெறும்பொருட்டுப் பேர்சிவலுடன் சென்னைக்கும் சென்றுவந்தார்.

இக்காலத்தில் அவர் பெற்ற பயிற்சி இரு திறத்தது. முதலாவது, உரைநடையில் கருத்தைத் தெளிவுற அமைக்கும் பயிற்சி. இது பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. இரண்டாவது, பள்ளி என்னும் நிறுவனத்தின் இயக்கம் பற்றிய அறிவு. திண்ணைப் பள்ளியில் ஓர் ஆசிரியரே பள்ளி. அவர் இல்லையெனில் பள்ளியும் இல்லை. மிஷன் பள்ளியிலோ மாணவர் தரம் நோக்கி வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர்; அச்சிட்ட பாடநூல் எல்லார்க்கும் பொதுவாயிருந்தது; ஓர் ஆசிரியர் நீங்கினாலும் மற்றொருவர் அவ்விடத்தில் அமர்ந்து பாடம் தொடர இயன்றது; செலவைச் சங்கம் ஏற்றது. ஆறுமுகம் கற்றுக்கொண்ட முதன்மையான பாடம் இந்த அமைப்பே எனல் தகும்.

யாழ்ப்பாணப் பள்ளிகளின் ஆட்சியும் நிதியும்

வெஸ்லியன் மிஷன் 1814ஆம் ஆண்டிலும், அமெரிக்க மிஷன் 1816ஆம் ஆண்டிலும், இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் 1818ஆம் ஆண்டிலும் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கின. அமெரிக்க மிஷன் 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி உயர்கல்விக்குப் பெயர்பெற்றது. ஊர்தோறும் தமிழ்ப் பள்ளிகளும் எழுந்தன. இவற்றின் நிதி பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. 1837ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நேர்ந்த பொருளாதார வீழ்ச்சியால் அங்கிருந்து வரும் தொகை சுருங்கியபோது, யாழ்ப்பாணத்து ஊர்ப் பள்ளிகள் பல மூடப்பட்டன. தொலைவிலுள்ள கொடையாளரை நம்பிய பள்ளி அவர்தம் நிலை மாறும்போது தளரும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

அரசின் பங்கு 1841ஆம் ஆண்டில் அமைந்த மத்திய பாடசாலை ஆணைக்குழுவின் வழியாக விரிவுற்றது. அக்குழுவில் கிறித்தவத் திருச்சபையினர் செல்வாக்குடன் விளங்கினர். கிறித்தவச் சமயக் கல்வி பள்ளிக் கல்வியின் பகுதியாகவே கருதப்பட்டது. வட பகுதியில் அரசு நன்கொடை மிஷன் பள்ளிகளையே சென்று சேர்ந்தது. சைவர் செலுத்திய வரியும் அரசின் வருவாயில் அடங்கியிருந்தும், சைவர் நடத்தும் பள்ளிக்கு அவ்வருவாயில் இடமில்லை. நாவலரின் பள்ளி வாழ்வு முழுவதையும் தொடர்ந்த சிக்கல் இதுவே.

வண்ணார்பண்ணைப் பள்ளியின் தோற்றம்

1847ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் தம் முதற் சொற்பொழிவை நிகழ்த்தினார். வைத்தீசுவரன் கோயில் எனப்படும் அக்கோயில், ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் வணிகரான வைத்திலிங்கச் செட்டியாரால் எழுப்பப்பெற்றது. வண்ணார்பண்ணை வணிகர் மிகுந்த பகுதி. கோயிலைச் சூழ்ந்து சைவக் குடும்பங்கள் வாழ்ந்தன. வெள்ளிக்கிழமை தோறும் தொடர்ந்த சொற்பொழிவுகள் கேட்போர் கூட்டம் ஒன்றை உருவாக்கின. அக்கூட்டமே பின்னர்ப் பள்ளிக்கு மாணவரையும் கொடையாளரையும் வழங்கிற்று.

1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பெற்றது. சைவர் ஒருவர் புதிய முறையில் நிறுவிய பள்ளிகளுள் இது முதன்மையானது. அவ்வாண்டிலேயே ஆறுமுகம் மிஷன் பள்ளி ஆசிரியப் பணியை விட்டு விலகினார். ஊதியம் உயர்த்தித் தரப் பேர்சிவல் முன்வந்தார் என்றும் அதனை அவர் ஏற்கவில்லை என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். அவருடைய தமையன்மார் உத்தியோகம் வகித்தவர்கள். அவ்வழி அவருக்கும் திறந்திருந்தது. உத்தியோகம், இல்லறம் ஆகிய இரண்டையும் தாம் துறந்தது சைவத்தையும் கல்வியையும் வளர்க்கும் பொருட்டே என்பதைப் பிற்காலத்தில் தம் விக்கியாபனத்தில் அவரே விளக்கியுள்ளார். பள்ளியின் வரவு செலவில் தலைமை ஆளுகையாளரின் ஊதியம் என்னும் இனமே இல்லாமற் போனதும் இத்துறவின் விளைவாகும்.

பள்ளியின் அமைப்பில் மிஷன் முறையும் மரபு முறையும் இணைந்தன. வகுப்புப் பிரிவும், படிநிலைப் பாடமும், அச்சு நூலும் மிஷன் பள்ளியிலிருந்து வந்தவை. நன்னூல், நிகண்டு, நீதிநூல், திருமுறை ஆகியன மரபிலிருந்து வந்தவை. சமயக் கல்வி முதலில் வைக்கப்பட்டது. அத்துடன் கணக்கும் பூமிசாத்திரமும் இடம்பெற்றன. பிறர் கையாண்ட கருவியைத் தம் நோக்கத்திற்கேற்பத் திருத்திக் கையாள்வதில் அவர் தயங்கவில்லை.

ஆசிரியர் பேறும் ஊதியமும்

தொடக்கத்தில் ஆசிரியர்க்கு ஊதியம் வழங்கப் பள்ளியிடம் பொருளில்லை. நாவலரின் நண்பரும் மாணவரும் ஊதியம் பெறாமலே கற்பித்தனர். அவருடைய மாணவரான சதாசிவப்பிள்ளை இறுதிவரை உடனிருந்து பள்ளி, அச்சகம் ஆகிய இரண்டின் சுமையையும் பகிர்ந்துகொண்டார்.

ஊதியமின்றிக் கற்பிக்கும் ஆசிரியர் எத்துணை ஆர்வமுடையவராயினும் நெடுங்காலம் நிலைப்பது அரிது. குடும்பப் பொறுப்பு வந்தபோது ஊதியம் தரும் மிஷன் பள்ளியோ அரசுப் பணியோ அவரை ஈர்க்கும். ஊதியமில்லா ஆசிரியப் பணியைத் தொடக்க நிலைக்கு உரியதாகவே கொள்ளுதல் கூடும். இதற்கு நாவலர் கண்ட தீர்வு இரு வகைப்பட்டது. ஒன்று, ஊதியம் வழங்குதற்குரிய பொருளைத் திரட்டுதல். மற்றொன்று, ஆசிரியரைத் தம் பள்ளியிலேயே உருவாக்குதல். மேல் வகுப்பு மாணவரை இலக்கண இலக்கியத்திலும் சைவ நூல்களிலும் தேர்ச்சியுறச் செய்து, அவர்களையே கற்பிப்போராகவும் சைவப் பிரசாரகராகவும் ஆக்கும் திட்டம் அவரிடம் இருந்தது. தமிழகத்தில் அவர் பள்ளி நிறுவ முனைந்ததற்கு இத்திட்டமும் ஒரு காரணம்.

பிடியரிசி, கொடை, அச்சகம்: நிதியின் மூன்று வழிகள்

பள்ளிச் செலவுக்கு நாவலர் கையாண்ட வழிகளுள் பிடியரிசி குறிப்பிடத்தக்கது. இல்லத்தில் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்து, அதனைப் பள்ளிக்கு அளிப்பது இம்முறை. பணம் அரிதாகவும் நெல் எளிதாகவும் கிடைத்த சமூகத்துக்கு இது பொருந்தியது. செல்வர் சிலரின் பெருங்கொடையை மட்டும் நம்பினால் பள்ளி அவர்தம் விருப்பத்துக்குக் கட்டுப்படும். பல இல்லங்களின் சிறு கொடை பள்ளியை ஊருக்கு உரியதாக்கும். அரிசியை எடுத்து வைத்தவர் பெண்களாதலின், பள்ளியின் புரவலராக அவர்களும் ஆயினர் என்பது கருதத்தக்கது. ஆயினும் பிடியரிசியால் அன்றாடச் செலவு ஓரளவு நிகழுமேயன்றிக் கட்டடமோ நிலையான வைப்போ அமையாது. அது திரட்டுவோர் தளர்ந்தால் தானும் தளரும் இயல்பினது.

இரண்டாவது வழி, வணிகர், நிலக்கிழார், ஆதீனம் முதலியோரின் கொடை. 1849ஆம் ஆண்டில் அச்சுப்பொறி வாங்கும்பொருட்டுச் சதாசிவப்பிள்ளையுடன் நாவலர் தமிழகம் சென்றார். அப்பயணத்தில் திருவாவடுதுறை ஆதீனத்தில் அவர் நிகழ்த்திய சொற்பொழிவைப் பாராட்டி நாவலர் என்னும் பட்டம் அளிக்கப்பெற்றது. இப்பட்டம் புகழைத் தந்ததோடு, தமிழகத்துச் சைவ நிறுவனங்களின் கதவுகளையும் திறந்தது. பிற்காலத்தில் இராமநாதபுரத்துப் பொன்னுசாமித் தேவர் அவருடைய பதிப்புப் பணிக்கு ஆதரவளித்தார். திருக்குறள் பரிமேலழகர் உரை, திருக்கோவையார் உரை ஆகியன அவ்வாதரவில் வெளிவந்தவை.

மூன்றாவது வழி அச்சகம். வண்ணார்பண்ணையில் நிறுவப்பெற்ற வித்தியாநுபாலன யந்திரசாலை பள்ளிக்கு வேண்டிய நூல்களை அச்சிட்டது. அந்நூல்களைப் பிறர்க்கும் விற்றது. கல்வியைப் பாதுகாக்கும் அச்சுக்கூடம் என்று பொருள்படும் அப்பெயரே அச்சகத்துக்கும் பள்ளிக்கும் உள்ள உறவைக் காட்டும். 1850ஆம் ஆண்டு முதல் பாலபாட நூல்கள் படிநிலை வரிசையில் வெளிவரலாயின. இலக்கணச் சுருக்கம், இலக்கண வினாவிடை, சைவ வினாவிடை ஆகியனவும் பள்ளித் தேவையிலிருந்து பிறந்தவை. 1852ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியபுராண வசனமும் செய்யுள் பயிலாதார்க்கு எட்டும் வகையில் அமைந்தது.

தமிழ் உரைநடை வளர்ச்சியில் பாலபாடங்களின் இடம் பலராலும் பேசப்பட்டுள்ளது. அவற்றின் ஆளுகைப் பயன் வேறொன்று. மிஷன் பள்ளிப் பாடநூலைக் கொண்டு கற்பிக்கும் சைவப் பள்ளி, பாடத்தின் கட்டுப்பாட்டைத் தன்னிடம் வைத்திருப்பதாகாது. தனக்கென ஒரு நூல்வரிசை அமைந்தபோதே, புதிய ஊரில் பள்ளி தொடங்குவோரும் ஒரே பாடத்தைப் பின்பற்ற இயன்றது. பாடநூலில் சந்தி பிரித்து அச்சிட்டதும் நிறுத்தக் குறிகளைப் பயன்படுத்தியதும் கற்பிப்போரின் சுமையைக் குறைத்தன. பெரும்புலமை வாய்ந்த ஆசிரியர் கிடைக்காத ஊரிலும் இடைநிலைத் தேர்ச்சியுடையவர் அந்நூலைக் கொண்டு வகுப்பு நடத்தலாம். ஆசிரியர் பற்றாக்குறைக்கும் பாடநூல் ஒரு பகுதி மருந்தாயிற்று.

சிதம்பரப் பள்ளி

நாவலரின் நோக்கம் யாழ்ப்பாணத்தோடு நிற்கவில்லை. 1864ஆம் ஆண்டில் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பெற்றது. தமிழகத்திலும் ஈழத்திலும் வாழும் சைவர் பலரிடம் பொருள் திரட்டி இப்பள்ளியை எழுப்பினார். சைவர் அனைவரும் போற்றும் தில்லையை அவர் தேர்ந்தது, இரு நாட்டுக் கொடையாளரையும் ஒருங்கிணைப்பதற்கும் ஏற்றதாயிற்று.

பொருள் வேண்டி அவர் வெளியிட்ட விக்கியாபனங்கள் பள்ளி ஆளுகை வரலாற்றுக்குரிய ஆவணங்களாகும். எவ்வகைப் பள்ளி வேண்டும், எவற்றைக் கற்பிக்க வேண்டும், ஏன் பொருள் தேவை என்பவற்றை அவை நிரல்பட எடுத்துரைக்கின்றன. தனிப்பட்ட வேண்டுகோளாக ஒருவர் இல்லத்தில் நிகழ்ந்திருக்கக்கூடியதனை அச்சின் வழிப் பொதுமக்கள் முன் வைத்தமை அக்காலத்தில் புதுமை. கொடை கேட்பவர் தம் திட்டத்தைப் பொதுவில் அறிவித்துவிட்டால், அதன்வழி அவர் மதிப்பிடப்படுவார். இப்பொறுப்பை நாவலர் தாமே முன்வந்து ஏற்றார்.

எனினும் இரு நாடுகளில் இரு பள்ளிகளும் அச்சகமும் ஒருவரின் மேற்பார்வையை வேண்டி நின்றன. 1860களில் நாவலரின் காலம் பெரிதும் தமிழகத்தில் கழிந்தது. அவர் இங்கிருந்தபோது யாழ்ப்பாணப் பணியும், அங்கிருந்தபோது சிதம்பரப் பணியும் பிறர் பொறுப்பில் நிகழ்ந்தன. பொறுப்புக் குழு ஒன்றினை அமைத்து அதிகாரத்தைப் பகிர்ந்தளிப்பதைக் காட்டிலும், நம்பிக்கைக்குரிய மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கும் குரு மரபையே அவர் பின்பற்றினார். அமைப்பில் புதுமையை ஏற்ற அவர், அதிகாரத்தில் மரபைத் தொடர்ந்தார்.

1870: நன்கொடை விதிகளின் மாற்றம்

இலங்கையில் கல்வி நிலையை ஆராய 1865ஆம் ஆண்டில் மோர்கன் தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1869ஆம் ஆண்டில் மத்திய பாடசாலை ஆணைக்குழு நீங்கிப் பொதுப் போதனைத் திணைக்களம் தோன்றியது. 1870ஆம் ஆண்டு முதல் நன்கொடை வழங்குதற்குரிய அளவுகோல் மாறியது. சமயக் கல்வியை நோக்காது, உலகியற் பாடங்களில் மாணவர் பெறும் தேர்ச்சியைக் கொண்டு தொகை கணக்கிடும் முறை வந்தது. எச்சமயத்தார் நடத்தும் பள்ளியும் இவ்விதியின்கீழ் உதவி கோரலாம் என்றாயிற்று. இருபதாண்டுகளுக்கும் மேலாகச் சொந்தப் பொருளில் நடந்துவந்த வண்ணார்பண்ணைப் பள்ளியும் அரசு நன்கொடையைப் பெற்றது.

இம்மாற்றம் சைவப் பள்ளிகளுக்குக் கதவைத் திறந்தது. ஆயினும் சமநிலையைத் தரவில்லை. தேர்ச்சியைக் கொண்டு தொகை வழங்கும் முறையில், பயிற்சி பெற்ற ஆசிரியரும் கட்டடமும் ஏற்கெனவே உடைய பள்ளியே மிகுதியும் பயன்பெறும். உதவி வருவதற்கு முன் பள்ளியை நடத்திக் காட்டவேண்டும். நடத்திக் காட்டுதற்கு முதற்பொருள் வேண்டும். மிஷன் சங்கங்களிடம் அரை நூற்றாண்டில் திரண்ட முதல் இருந்தது. சைவரிடம் இருந்தது பிடியரிசியும் ஒரு சில கொடையாளருமே. சட்டத்தில் நிகழும் சமன்பாடு நடைமுறையில் சமநிலையாவதற்கு இடைப்பட்ட இந்தத் தொலைவை, நாவலரின் அடுத்த முயற்சி தெளிவாகக் காட்டுகின்றது.

சைவ ஆங்கிலப் பள்ளியும் அதன் மூடலும்

தமிழகத்திலிருந்து மீண்ட நாவலர் கோப்பாயில் ஒரு பள்ளி தொடங்கித் தம் செலவில் நடத்தினார். இக்காலத்தில் யாழ்ப்பாணத்து மிஷன் ஆங்கிலப் பள்ளியொன்றில், திருநீறு அணிந்து வந்த சைவ மாணவர் வெளியேற்றப்பட்டமை பெரும் பூசலாயிற்று. தமிழ்ப் பள்ளிகளால் மட்டும் இச்சிக்கல் தீராது என்பது வெளிப்படையாயிற்று. ஆங்கிலம் வேண்டிய பிள்ளைகள் எங்குச் செல்வது என்ற வினாவுக்கு விடையாக, 1872ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கில வித்தியாசாலையை நாவலர் தொடங்கினார். யாழ்ப்பாணச் சமயநிலை என்னும் அவரது நூலும் அவ்வாண்டினதே.

இப்பள்ளி நான்காண்டுகளே நடந்தது, பொருளின்மையால் மூடப்பட்டது. தமிழ்ப் பள்ளிக்குப் பொருந்திய நிதி முறை ஆங்கிலப் பள்ளிக்குப் பொருந்தாமையை இம்மூடல் உணர்த்துகின்றது. தமிழ் கற்பிப்போரை நாவலர் தம் பள்ளியிலேயே உருவாக்கினார். ஆங்கிலம் கற்பிப்போரை அவ்வாறு உருவாக்க இயலவில்லை. ஆங்கிலப் பயிற்சியுடையவருக்கு அரசு அலுவலகத்திலும் மிஷன் பள்ளியிலும் ஊதியம் காத்திருந்தது. அவர்களைத் தொண்டுணர்வால் மட்டும் நிறுத்தி வைத்தல் கூடாது. பாடநூலும் அச்சகமும் தந்த தற்சார்பு தமிழ்க் கல்வியின் எல்லையோடு நின்றுவிட்டது. பிள்ளைகளின் வருங்காலத்தைக் கருதிய பெற்றோர் மீண்டும் மிஷன் பள்ளியை நாட நேர்ந்தது.

கோயில் வருவாயும் பொதுக் கணக்கும்

பள்ளிக்கு நிலையான பொருள் எங்கிருந்து வரும் என்ற வினா நாவலரைக் கோயில்களின்பாலும் மடங்களின்பாலும் திருப்பியது. சைவ சமூகத்தின் திரண்ட செல்வம் அங்கேயே இருந்தது. கோயிற் பொருள் உரிய வழியில் செலவிடப்படவில்லை என்றும், சைவக் கல்வியை வளர்ப்பதில் அந்நிறுவனங்களுக்குப் பொறுப்பு உண்டு என்றும் அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1870களில் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் நிருவாகம் குறித்து அவர் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் வழிபாட்டு முறையோடு நிருவாக ஒழுங்கையும் கண்டித்தன. இதனால் அவருக்குச் சைவருள்ளேயே பகை வளர்ந்தது. பள்ளிக்குக் கொடையளிக்கக்கூடியவர் சிலரை இக்கண்டனங்கள் விலக்கியிருத்தல் இயல்பே. ஆயினும் பொதுப்பொருளைக் கையாள்வோர் பொதுமக்களுக்குக் கணக்குக் கூறக் கடமைப்பட்டவர் என்னும் கொள்கையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1877ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் நோயும் பரவின. நாவலர் கஞ்சித்தொட்டித் தருமத்தை ஏற்படுத்தி ஏழைகளுக்கு உணவளித்தார். பள்ளிக்காகப் பொருள் திரட்டிப் பெற்ற பழக்கமும் தொடர்புகளும் இப்போது உயிர்காக்கப் பயன்பட்டன. அரசு அலுவலரின் மெத்தனத்தையும் அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். 1879ஆம் ஆண்டில் சட்டநிரூபண சபை உறுப்பினராகப் பொன்னம்பலம் இராமநாதன் நியமனம் பெற ஆதரவு திரட்டினார். கல்வி நன்கொடையும் பஞ்ச உதவியும் முடிவு செய்யப்படும் இடத்தில் தம்மவர் குரல் ஒலித்தல் வேண்டும் என்ற தேவையை முப்பதாண்டுப் பட்டறிவு அவருக்கு உணர்த்தியிருத்தல் வேண்டும்.

பள்ளியின் எல்லை

நாவலரின் பள்ளிகள் சைவப் பிள்ளைகளுக்கானவை. அச்சைவம் வருணாசிரம ஒழுங்கை ஏற்றது. சாதி வேறுபாட்டை அவர் சமய ஒழுக்கத்தின் பகுதியாகக் கொண்டார். அவர் எழுதிய பாடநூலிலும் அக்கொள்கை இடம்பெற்றுள்ளது. யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு இப்பள்ளிகள் கதவைத் திறக்கவில்லை. அவர்களுக்குக் கல்வி கிடைத்தபோது அது பெரும்பாலும் மிஷன் பள்ளி வழியே கிடைத்தது. அங்கும் சம ஆசனம் நெடுங்காலப் போராட்டத்தின் பின்னரே வாய்த்தது. ஈழத்து ஆய்வாளர்கள் நாவலரை மறுமதிப்பீடு செய்தபோது சமூக அடிப்படை பற்றிய இவ்வினாவை எழுப்பியது பொருத்தமே.

ஆளுகை நோக்கிலும் இவ்வினா முதன்மையுடையது. அரசின் பொதுப்பொருள் ஒரு சமயத்தார் பள்ளிக்கே செல்வது முறையன்று என்று வாதிட்டவர், தாம் நடத்திய பள்ளியின் கதவை ஒரு பகுதி மக்களுக்கு அடைத்தே வைத்தார். ஊரார் பிடியரிசியால் இயங்கிய பள்ளியில் ஊரார் என்னும் சொல்லின் பரப்பு சுருங்கியதாகவே இருந்தது. அவருடைய தொண்டின் பெருமையைக் கூறுவோர் இதனையும் உடன் கூறுதல் வரலாற்றுக்கு நேர்மையாகும்.

மறைவும் தொடர்ச்சியும்

1879ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் சுந்தரமூர்த்தி நாயனார் குருபூசை நாளன்று வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலையில் நாவலர் தம் இறுதிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். அவ்வாண்டு திசம்பர் 5ஆம் நாள் மறைந்தார். அவருக்குப் பின் சதாசிவப்பிள்ளை பள்ளிகளுக்கும் அச்சகத்துக்கும் தருமபரிபாலகராக விளங்கினார். ஆசிரியர் மறைந்தும் பள்ளி மூடப்படாமை, திண்ணைப் பள்ளி நிலையிலிருந்து நிறுவன நிலைக்கு அது வளர்ந்திருந்ததைக் காட்டும்.

நாவலரால் நிலைநிறுத்த இயலாது போன ஆங்கிலப் பள்ளியைப் பின்வந்தோர் வேறு முறையில் நிலைநிறுத்தினர். 1888ஆம் ஆண்டில் சைவபரிபாலன சபை தோன்றியது. 1890ஆம் ஆண்டில் அச்சபையின் பொறுப்பில் இந்து உயர்நிலைப் பள்ளி அமைந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்தது. வழக்கறிஞரும் வணிகரும் அலுவலரும் உறுப்பினராயிருந்த சபை, ஒரு தனிமனிதர் சுமந்த சுமையைப் பகிர்ந்துகொண்டது. 1923ஆம் ஆண்டில் தோன்றிய இந்து வித்தியாவிருத்திச் சங்கம் ஊர்தோறும் சைவப் பள்ளிகளை நிறுவி அரசு நன்கொடை பெற்று நடத்தியது. 1960ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கை அரசு உதவிபெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியபோது, மிஷன் பள்ளியும் சைவப் பள்ளியும் பெரும்பாலும் ஒரே நிருவாகத்தின்கீழ் வந்தன. சிதம்பரத்தில் அவர் நிறுவிய பள்ளி அவர் பெயரோடு தொடர்ந்து வருகின்றது.

முடிவுரை

நாவலரின் பள்ளி வாழ்விலிருந்து சில கருத்துகள் பெறப்படுகின்றன. மிஷன் பள்ளியின் அமைப்பை உள்ளிருந்து கற்று, வகுப்பு, பாடநூல், அச்சகம் ஆகியவற்றைச் சைவக் கல்விக்குப் பயன்படுத்தியமை அவர் வெற்றிக்கு அடிப்படையாகும். பிடியரிசி, கொடை, நூல் விற்பனை என்னும் மூன்று வழிகளால் அரசு உதவியின்றி இருபதாண்டுகளுக்கு மேல் ஒரு பள்ளியை அவர் நிலைநிறுத்தினார். அதே வழிகள் ஊதியச் செலவு மிக்க ஆங்கிலப் பள்ளியைத் தாங்கவில்லை. 1870ஆம் ஆண்டின் நன்கொடை விதி வாய்ப்பை வழங்கியதேயன்றி முதற்பொருளை வழங்கவில்லை. அதிகாரம் ஒருவரிடமே குவிந்திருந்தமை அவர் காலத்தில் விரைவையும் ஒழுங்கையும் தந்தது. பணி விரிந்தபோது சுமையாயிற்று. பின்வந்தோர் சபை அமைத்தபோது இக்குறை நீங்கியது.

பாலபாடத்தை உரைநடை நூலாகவும், விக்கியாபனத்தைச் சமய அறிக்கையாகவும் தனித்தனியே பயிலும் வழக்கம் தமிழாய்வில் உண்டு. ஆசிரியர் கிடைக்காத ஊருக்கு எழுதப்பட்ட பாடநூல் என்றும், அடுத்த மாதச் செலவுக்குப் பொருள் வேண்டி அச்சிடப்பட்ட அறிக்கை என்றும் அவற்றை நோக்கும்போது, அவற்றின் நடையும் அமைப்பும் புதிய விளக்கம் பெறும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடையின் வரலாற்றைப் பள்ளிகளின் வரவு செலவு வரலாற்றோடு இணைத்து ஆராய்வதற்கு நாவலரின் வாழ்வு தக்க தொடக்கமாக அமையும்.